எச்சில் விழுங்கினாலே வலிக்கிறதாம்

நவம்பர் 2, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையை மதியத்தோடு சாத்திவிட்டு வந்தேன். மழை பிடித்ததிலிருந்து இருமல் மருந்து நிற்க மாட்டேன் என்கிறது. உடுமலையில் எங்கள் மெடிக்கல்ஸைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் போனபிறகு கல்லாவில் நான்தான். மாத்திரை எடுத்துக் கொடுக்க பி.பார்ம் படித்த ஜமுனா இருக்கிறாள்.

மகன் நந்துவுக்குப் பிடிக்குமே என்று ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். மருமகள் தாரணிக்கு வெங்காயம் உரிப்பதற்கே அரைமணி நேரம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள், வீட்டில் ஒரு வெங்காயத்தை எடுக்கத் தெரியவில்லை. வைகாசியில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகப்போகிறது. இன்னும் இந்த வீட்டுக்குப் பழகவில்லை.

நேற்று மழையில் மாட்டிக்கொண்டாள் என்று அவள் பள்ளிக்கூடத்து சார் ஒருத்தர் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நந்து அதைப் பார்த்துவிட்டான். எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆட்டோவா இல்லை ஊரில்.

மத்தியானம் மாடியில் கட்டிலை நகர்த்துகிற மாதிரி சத்தம் கேட்டது. டிவியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். பிறகு நந்து இறங்கி வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். "குழம்பு நல்லாருக்கும்மா" என்றான். அவனாக இப்படிச் சொல்வது அபூர்வம். காற்றாலை சைட்டுக்கு நைட் ஷிஃப்ட் போய்விட்டான்.

தாரணி சாப்பிட வரவில்லை. தலைவலியாம்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் காப்பி போட வந்தவளுக்குக் குரலே இல்லை. காற்றுதான் வருகிறது.

"என்னாச்சு அம்மணி?" என்றேன்.

"தொண்டை வலிக்குதுங்க அத்தை. எச்சல் முழுங்குனாவே வலிக்குதுங்க."

கடையில் எல்லாரிடமும் கேட்பதை இவளிடமும் கேட்டேன். காய்ச்சல் இல்லை. சளி இல்லை. இருமல் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், டான்சில் வீங்கவில்லை, வெள்ளையாக எதுவும் படியவில்லை. நாற்பது பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கத்தினால் தொண்டை என்ன இரும்பா? கல்லுப்பு போட்டு வெந்நீரில் கொப்புளிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு நானே போன் செய்து லீவு சொன்னேன்.

சேலைக்கு மேலே சால்வையை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். மழைக் குளிருக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

தாரணி கடைக்கு வந்தாள். வாயில் அடக்கிக்கொள்ள மிட்டாய் மாத்திரை வேண்டுமாம். சொன்னால் நானே கொண்டுவர மாட்டேனா? ஜமுனாவிடம் பேச வேண்டும் என்று வந்திருக்கிறாள் போலிருக்கிறது. நான் இருந்ததால் ஒன்றும் பேசவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் ஜமுனா சொன்னாள்: "அக்காவுக்குக் கண்ணு வெள்ளையில ரத்தம் கட்டியிருக்குதுங்கம்மா. ரெண்டு கண்ணுலயும்."

"பலமாத் தும்முனா அப்படி வரும்."

"சளி இல்லைன்னீங்களே."

"நீ அந்த பி.பி. மாத்திரை அட்டையை எண்ணி வெய்யி" என்றேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

தூதுவளை ரசம். அரை டம்ளர் குடித்தாள். அரை டம்ளர் வாஷ்பேசினில்.

நவம்பர் 8, சனி

நந்து பொள்ளாச்சியிலிருந்து அவளுக்குப் பட்டுப்புடவை வாங்கி வந்திருக்கிறான். மயில்கழுத்துப் பச்சை. கோபம் இருக்கிற இடத்தில்தான் பாசமும் இருக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அவன் அப்பாவும் அப்படித்தான். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புடவை. என் பீரோவில் இன்னும் பிரிக்காமல் சில இருக்கின்றன.

ராத்திரி அவனே தட்டில் சோறு போட்டுத் தயிர் ஊற்றிப் பிசைந்து அவளுக்கு ஊட்டினான். எனக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"வலிக்குதுங்க மாமா. அப்பறம் சாப்புட்டுக்கறனுங்க."

"வாயத் தொற."

"ஒரு வாய் தண்ணி..."

"சாப்புடறப்ப எதுக்குத் தண்ணி? முழுங்கு."

ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கண்ணை மூடித்தான் இறக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தயிர்சோற்றில் காரம் கூடக் கிடையாது. தட்டு காலியாகும்வரை அவன் விடவில்லை. "பாரும்மா, நல்லாத்தான் முழுங்கறா. நடிப்பு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பிறகு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ஒரு வாரம் ஆகியும் குரல் திரும்பவில்லை. வைரஸ் தொற்றாக இருந்தால் இதற்குள் குறைந்திருக்க வேண்டும். புளிச்ச ஏப்பம் மேலே வந்து தொண்டையைப் புண்ணாக்குவதும் உண்டு. வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை கொடுத்திருக்கிறேன். மாத்திரையைத் தண்ணீரில்லாமல் போட்டுக்கொண்டு படுத்தால் பாதி வழியில் ஒட்டி நின்று சுடும், அதுவும் கேட்டேன், இல்லை என்கிறாள். மீன்முள்ளா என்றால், நாங்கள் மீன் வாங்கியே மாசமாகிறது.

மத்தியானம் மொத்த வியாபாரி போன் செய்தான். புது ஆள். "சார், ஆர்டர் சொல்லுங்க சார்" என்றான். என் குரலைக் கேட்டு எல்லாரும் செய்கிற தப்புதான். நானும் திருத்தாமல் ஆர்டரைச் சொல்லிவிட்டேன்.

தாரணி பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் கேட்டாள்.

"உங்க குரல் சின்னதுல இருந்தே இப்படித்தானுங்களா அத்தை?"

"இல்ல. கண்ணாலத்துக்கு அப்பறம் இப்படி ஆயிருச்சு."

அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப உங்களுக்கும் தொண்டை வலிச்சுதுங்களா?"

என்ன கேள்வி இது? அடுப்பில் குக்கர் இருந்தது. "தண்ணி ஒத்துக்கல. புது ஊரு. பழகிப்போச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அந்த ரத்தத் திட்டு மஞ்சளாக மாறியிருக்கிறது. ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "மாமா எறந்தப்ப நீங்க அழுதீங்களா அத்தை?" என்றாள். மரியாதை தெரியாத பிள்ளை. அவரைக்காயைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்கு அழவில்லை. அழுவதற்கு ஆள்கள் நிறைய வந்திருந்தார்கள்.

நவம்பர் 12, புதன்

பொள்ளாச்சியில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். காட்டாமல் வைத்திருந்தால் சம்பந்தி வீட்டில் நாளைக்கு ஒரு பேச்சு வரும். நந்துதான், "நீயும் கூடவே இரு" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினான். அவனுக்கு அவள்மேல் அக்கறை.

சின்ன வயசு டாக்டர். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு டிவியில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தொண்டை வலிக்கு நூறு காரணம் இருக்கும்மா. பெரும்பாலும் சாதாரண வைரஸ். டான்சில், அமிலம் மேல வர்றது, அலர்ஜி, அதிகமா கத்தறது. ஆனா இது அந்த மாதிரி இல்லையே. குரல்வளை வீங்கி உள்ளுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. கழுத்துல அடி ஏதாவது பட்டுச்சா தாரணி? ஏதாவது இறுக்குச்சா?"

"டீச்சர் வேலைங்க. கத்திக் கத்தி இப்படி ஆயிருச்சுங்க" என்றேன்.

"நான் அவங்களக் கேக்கறேன். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா."

"புள்ளை பயந்துக்குமுங்க. நான் பக்கத்துலயே இருக்கறனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.  தாரணி டாக்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

"சால்வைய எடுங்களேன், கழுத்தைப் பாக்கறேன்."

"ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வீக்கம் குறைய மாத்திரை எழுதினாள். சீட்டைத் தாரணியிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்துச் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கழுத்துல ஒரு பக்கமா வலி, புதுசா தலைவலி, ஒரு கண்ணு இமை மட்டும் தொங்கறது, இதுல எது வந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. அப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

அப்பவாவதாம். படித்த திமிர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்தேன், சுளையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

தாரணியின் அம்மா போன் செய்தார்கள். பிள்ளை நாலு நாளாகப் போன் எடுக்கவில்லையாம். நந்து ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறான் என்றேன். காங்கேயத்திலிருந்து புறப்பட்டு வருகிறேன் என்றார்கள். "தொண்டைக் காய்ச்சலுங்க சம்பந்தி, ஒட்டிக்கும். கொறையட்டும், நானே அனுப்பி வெக்கறேன்" என்றேன்.

கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். கூட்டம்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கும் கட்டில் சத்தம்.

எதற்கு என்று தெரியவில்லை. தாரணி ஜமுனாவின் போனை வாங்கி அம்மா வீட்டுக்குப் பேசினாள் என்று காதில் விழுந்தது. இரும்புக் கட்டில் அது, அவர் காலத்தது. நகர்ந்தால் கீழே கூரை அதிரும்.

இந்த முறை நான் படியேறினேன். பாதிப் படியில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சு எதுவும் இல்லை. பேச்சு இருந்தால் பரவாயில்லை. ஒரு மாதிரி மூச்சு. தண்ணீர் கடைசியாக வடியும்போது வாஷ்பேசின் ஓட்டை போடுகிற சத்தம்.

கொடியில் துணி காய்ந்துகொண்டிருப்பது நினைவு வந்தது. மழை வருகிற மாதிரி இருந்தது. இறங்கிப்போய் எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தேன். மழை வரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் தாரணி வந்து சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கழுத்திலிருந்து காது வரைக்கும் வலிக்கிறதாம். தலையின் அந்தப் பக்கம் மட்டும் இடிக்கிறதாம். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறதாம். இடது கண் இமை பாதி மூடியிருந்தது. தூக்கம் பத்தாதவள் மாதிரி.

டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. கடைக்காரிக்கு ஞாபகம் இல்லாமல் இருக்குமா? ஆனால் ஆஸ்பத்திரி என்று போனால் அவர்கள் வேறு ஏதாவது எழுதுவார்கள். ஒற்றைத் தலைவலிக்கும் இமை தொங்கும். வலி மாத்திரை கொடுத்தேன். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன், விழுங்குவதற்குச் சுலபமாக.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆறு மாதத்தில் அவள் என்னைத் தொட்டதே கிடையாது.

"அத்தை, என்னைய எங்கம்மாகிட்டக் கொண்டுபோய் உட்டுருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க. யாருகிட்டயும் எதும் சொல்ல மாட்டனுங்க."

காற்றில்தான் சொன்னாள். நான் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னிக்குச் செவ்வாக்கெழமை கண்ணு. பொண்ணை வீட்டை விட்டு அனுப்பற நாளா? நாளைக்கு நந்து வீட்டுல இருப்பான். வியாழக்கெழமை அவன் சைட்டுக்குப் போனதும் நானே பஸ் ஏத்தி உடறேன்."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

சத்தியமாகத்தான் சொன்னேன். அவள் பைகூட மடித்து வைத்துவிட்டாள். அந்தப் பச்சைப் பட்டை எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

கோயம்புத்தூர். ஆஸ்பத்திரி.

நவம்பர் 20, வியாழன்

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன். மனசு ஒரு நிலையில் இல்லை.

காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே போட்டாள். வழக்கமாகப் போடுகிறவள்தானே என்று நான் திரும்பவில்லை. பிறகு அவளே விழுந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் துணி மாதிரி கிடந்தன. நந்து தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான்.  "அம்மா, ஒண்ணும் சொல்லிராதம்மா" என்று கார் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். சின்ன வயசில் ஜாடியை உடைத்துவிட்டு என் முந்தானையில் ஒளிந்துகொள்வானே, அதே முகம்.

எமர்ஜென்சியில் ஒரு டாக்டர் ஓடி வந்து கேட்டார். "இருபத்தாறு வயசு. பிரஷர், சுகர் ஒண்ணும் இல்லை. சீக்கிரம் சொல்லுங்கம்மா, கழுத்துல அடி, விபத்து, ஏதாவது உண்டா? தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் பாக்கணும்."

கடையில் நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். டாக்டரிடம் மறைக்கலாமா, மறைத்தால் மருந்து எப்படி வேலை செய்யும் என்று.

"கழுத்துல ஒண்ணுமில்லீங்க. தொண்டை வலி மட்டும் இருந்துச்சு" என்றேன்.

ராத்திரி வேறு பெரிய டாக்டர் வந்து, கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எங்களைக் கூப்பிட்டுக் கணினியில் படத்தைக் காட்டினார். மூளைக்கு ரத்தம் போகிற கழுத்துக் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறதாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அது மேலே போய் மூளையை அடைத்திருக்கிறது.

"இது தானா கிழியறது அபூர்வம். பலமா நெரிச்சா கிழியும். இன்னைக்கு நேத்து இல்லை, கொஞ்ச நாளா இருக்கு. தொண்டை வலின்னு சொன்னது இதோட ஆரம்பம்தான். நேத்து முந்தாநேத்து வந்திருந்தா மருந்துலயே தடுத்திருப்போம்."

நந்து சுவரில் தலையை முட்டி அழுதான். நர்ஸுகள் அவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நல்லவேளை, எல்லாரும் பார்த்தார்கள்.

நவம்பர் 24, திங்கள்

பிழைத்துக்கொண்டாள். வலது பக்கம் வரவில்லை. பேச்சு போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி இறங்குகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போயிருக்கிறது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்: மழை வருகிறதென்று மொட்டை மாடிக்குத் துணி எடுக்க ஓடினாள், கொடிக்கயிறு கழுத்தில் மாட்டிக்கொண்டது, அப்போதே வலிக்கிறது என்று சொன்னாள், நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கே ஆச்சரியம், எவ்வளவு ஒழுங்காக வந்தது. கயிறு என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றேன். நீலம்தான்.

பிறகு அவளிடம் போனார். அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாரணி, நான் கேக்கறது புரியுதா?"

புரிகிறது என்று கண்ணை மூடித் திறந்தாள்.

"உன் கழுத்தை யாரு நெரிச்சது? பயப்படாம சொல்லு."

அவள் வாயைக் கோணிக்கொண்டு முயற்சி செய்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடப் பார்த்தாள். கடைசியில் வந்தது: "ஒண்ணுமில்லீங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "உன் வீட்டுக்காரரா?"

"ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் விளக்கினார். மூளையில் பேச்சு இருக்கிற இடம் போய்விட்டதாம். சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சுமாம். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வெளியே வருமாம். எழுதச் சொல்லலாம் என்றார் இன்ஸ்பெக்டர். எழுத்தும் அதோடு போய்விடும் என்றார் டாக்டர். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறக்கச் சொன்னார்கள், அதுவும் ஒரே கேள்விக்கு மாறி மாறி வந்தது. கையைக் காட்டச் சொன்னார்கள். நந்து அறைக்கு வெளியே நின்றிருந்தான். அவள் காட்டியது கதவையா, என்னையா, தண்ணீர்க் குவளையையா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அதை வைத்து வழக்கு எழுத முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

அவள் என்னைப் பார்த்துத்தான் கடைசியாகச் சொன்னாள். மெதுவாக. "ஒண்ணுமில்லீங்க."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். வழக்கமாகச் செய்வதுதான்.

நவம்பர் 27, வியாழன்

ஜமுனா கடைச் சாவியைக் கொண்டுவந்து வைத்தாள். "நாளையிலிருந்து வர்லீங்கம்மா."

வேறு இடத்தில் நல்ல சம்பளமா என்றேன்.

"தொண்டை வலின்னு யாரு வந்தாலும் நீங்க எத்தனை கேள்வி கேப்பீங்க. எப்ப வந்துச்சு, எதுனால வந்துச்சு, எதுக்கு மறைக்கறீங்கன்னு. அக்காவ மட்டும் எதுனாலன்னு ஒருக்காக்கூட கேக்கலீங்களேம்மா."

"நீதான் அவளுக்குப் போன் குடுத்தியா?"

"ஆமாங்க. குடுத்ததுக்கு அவங்க பட்டாங்க. நான் போலீசுகிட்டச் சொன்னேன். நேர்ல பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தது நீங்கதானுங்களே."

நான் பார்க்கவில்லை. பாதிப் படியில் நின்றேன், அவ்வளவுதான்.  வேலைக்கு ஆள் தேவை என்று கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

டிசம்பர் 3, புதன்

சம்பந்தி அம்மா ஆம்புலன்ஸ் வைத்து அவளைக் காங்கேயம் கூட்டிப்போகிறார்கள். நான் சாமான்களை எடுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மடித்து வைத்த பை அப்படியே இருந்தது, அதனால் வேலை மிச்சம்.

அந்த அம்மா சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். போடவில்லை. பையை வாங்கிக்கொண்டு, "உங்களை நம்பித்தானுங்க உட்டுட்டுப் போனேன். பையனை நம்பி இல்லீங்க" என்றார்கள்.

 காலாகாலத்தில் பிசியோதெரபி ஆரம்பிக்க வேண்டும், குழாயை எடுத்த பிறகு கஞ்சி கெட்டியாகக் கொடுங்கள், தண்ணியாகக் கொடுத்தால் புரையேறும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. காப்பி ஆறிவிட்டது என்று நந்து டம்ளரை வீசினான். கை தவறியதுதான். என் மேல் படவில்லை, பக்கத்தில் சுவரில் பட்டது. பாவம், அவன் மனசும் சரியில்லை.

கொஞ்ச நாளாக என் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறேன். எலித் தொல்லை.

ஜூலை 15, வியாழன்

டைரி தொட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிறது. மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த புது டைரி சும்மா கிடந்ததால் எடுத்தேன்.

இன்றைக்குக் கோர்ட்டில் முடிந்தது. இரண்டு தரப்புச் சம்மதத்தோடு பிரிகிறோம் என்று எழுதியிருந்தது. தாரணியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். முடி வெட்டியிருந்தார்கள், முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆகியிருந்தது. நீதிபதி, "உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவளால் சொல்ல முடிந்ததைச் சொன்னாள்.

இடது கைப் பெருவிரலை அவள் அம்மா பிடித்து வைத்தார்கள். நந்து புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். வரும் வழியில் பிரியாணி சாப்பிட்டோம்.

செப்டம்பர் 12, ஞாயிறு

தாராபுரம் பக்கம் பெண் பார்க்கப் போய்வந்தோம். இது ஆவணி கடைசி, புரட்டாசி பிறந்துவிட்டால் பேச முடியாது என்று தரகர் அவசரப்படுத்தினார். பெண் பெயர் மேகவர்ணா. அப்பா இல்லை. அம்மா தையல். ஒரு தங்கை வேறு இருக்கிறாள், அதனால் இரண்டாம் தாரம் என்றாலும் சரி என்கிறார்கள். மாநிறம். கூட்டுறவு பாங்க்கில் தற்காலிக வேலை, விட்டுவிடச் சொல்லலாம்.

நந்து நன்றாகப் பேசினான். தங்கையிடம்கூடப் படிப்பைப் பற்றிக் கேட்டுச் சிரிக்க வைத்தான். அவன் சிரித்தால் யாருக்கும் பிடித்துவிடும்.

காப்பி டம்ளர் எடுக்கிற சாக்கில் அந்தப் பெண் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கம்மா கேக்க மாட்டாங்க, அதான் நானே கேக்கறேன். மொதல்ல கட்டுனவங்களுக்கு என்னாச்சுங்க?"

தைரியமான பெண். கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள். சமையலறை ரொம்பச் சின்னது, நாங்கள் இரண்டு பேர் நிற்கவே இடம் இல்லை. அவள் மூச்சு என்மேல் பட்டது. வெளியே நந்துவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த ஒன்றரை வருஷமாக வீட்டில் நானும் அவனும் மட்டும்தான்.

வாயைத் திறந்தேன்.  அவள் காத்திருந்தாள்.

"தொண்டை வலின்னுதான் ஆரம்பிச்சுது கண்ணு" என்றேன்.

"தொண்டை வலியிலயா?"

"ஆமா. ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா பாத்திருக்கலாம். அவ மறைச்சுட்டா."

"ஐயோ பாவம்" என்றாள். என் கையைத் தொட்டாள். "நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க."

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து சம்மதம் என்று தலையாட்டினாள். ஐப்பசியில் நல்ல முகூர்த்தம் பார்த்துச் சொல்வதாகத் தரகர் சொன்னார். பூ வைத்துவிட்டு வந்தோம்.

பூ வைக்கும்போது கவனித்தேன், கழுத்து ரொம்பச் சன்னம். தாலிக்கொடியை வழக்கமான நீளத்தில் செய்தால் தொளதொளவென்று தொங்கும். ஆசாரியிடம் சொல்லிக் குட்டையாகச் செய்ய வேண்டும்.